சிங்கப்பூரில் ஏறும் கப்பலில் சின்னப் பிள்ளையின் சாப்பாடு: எந்த வேளை கைகொடுக்கும், எந்த வேளை காலை வாரும்

இலங்கையின் ஹட்டனிலோ பதுளையிலோ இருந்து புறப்பட்டு, சிங்கப்பூரில் பெரிய கப்பலொன்றில் ஏறி மூன்று நாலு இரவு சுற்றிவர நினைக்கும் குடும்பங்களுக்கான மதிப்பீடு இது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளையை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறோம். புள்ளிகளை முதலிலேயே சொல்லிவிடலாம். காலைச் சாப்பாட்டுக்கு ஐந்தில் ஐந்து. மத்தியானத்துக்கு மூன்று. இராச் சாப்பாட்டுக்கு, கேட்டு வாங்கத் தெரிந்தால் நாலு, தெரியாவிட்டால் இரண்டு. கபினுக்குள் பிள்ளைக்கு ஏதாவது செய்துகொடுக்கும் வசதிக்கு ஒன்றுதான், அதுவும் தாராள மனதோடு.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத இடத்தில் பிள்ளை பட்டினியாக அழுவதற்கு முதற் காரணம் மணிக்கூடு. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. பெரியவர்கள் ஒரே நாளில் பழகிவிடுவார்கள். பிள்ளையின் வயிறு நாலு நாளைக்கும் நுவரெலியா நேரத்தில்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கு எழும்பும் பிள்ளை கப்பலில் எட்டரைக்குத்தான் கண் விழிக்கும். வீட்டில் பன்னிரண்டரைக்குச் சோறு தின்னும் பிள்ளைக்குக் கப்பலில் பசிக்கும்போது பின்னேரம் மூன்று மணி. பெரும்பாலான கப்பல்களில் மத்தியான பஃபே மூடும் நேரமும் அதுவே.

இதை வைத்துப் பார்த்தால், முன்பதிவு செய்யும்போது எல்லோரும் கொடுக்கும் புத்திமதி நமக்குப் பிழையாகிவிடுகிறது. இரவு உணவு மண்டபத்தில் இரண்டு பந்தி இருக்கும். முதற்பந்தி ஐந்தரை ஆறு மணிக்கு, இரண்டாவது ஏழே முக்கால் எட்டுக்கு. சின்னப் பிள்ளை இருந்தால் முதற்பந்தியை எடுங்கள் என்பார்கள். ஆனால் கப்பலில் ஐந்தரை மணி என்பது பிள்ளைக்குப் பின்னேரம் மூன்று மணி. மத்தியானத் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழும்பி முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும். எட்டு மணிப் பந்தி பிள்ளையின் வயிற்றுக்கு ஐந்தரை மணி. ஆகவே மூன்று நாலு இரவுப் பயணத்துக்கு இரண்டாம் பந்தியையே கேளுங்கள், நேரத்தை மாற்றப் பாடுபட வேண்டாம். ஏழு இரவென்றால் கதை வேறு. அப்போது நாளுக்கு அரை மணித்தியாலம் வீதம் முன்னுக்குத் தள்ளினால் ஐந்து நாளில் பிள்ளை சரிக்கு வந்துவிடும். கப்பல் புக்கெட் பக்கம் போகிறதென்றால் தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னால். கைபேசி தானாக மாறிவிடும், கப்பல் மணிக்கூடு மாறாமலும் இருக்கலாம். சாப்பாட்டு நேரமெல்லாம் கப்பல் மணிக்கூட்டின்படிதான்.

காலைச் சாப்பாட்டுக்கு ஏன் முழுப் புள்ளி? கஞ்சி இருப்பதால். ஆசியாவில் ஓடும் கப்பல்களின் காலை பஃபேயில் சீன முறைக் கஞ்சி ஒரு பெரிய பாத்திரத்தில் இருக்கும். அரிசி கரையும்வரை வேகவைத்த வெள்ளைக் கஞ்சி. நம் பிள்ளைகளுக்குக் கப்பல் முழுவதிலும் இதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. பக்கத்தில் அடுக்கியிருக்கும் உப்பு முட்டை, சோயா சோஸ், ஊறவைத்த காய்கறி, பொரித்த வெங்காயம் எதையும் தொட வேண்டாம். வெறுங்கஞ்சியை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, முட்டை போடும் இடத்தில் உப்பில்லாமல் நன்றாக வேகவைத்த ஒம்லெட் ஒன்று கேட்டு, அதை நசுக்கிச் சேர்த்து, ஒரு சின்னத் துண்டு பட்டர் போட்டுக் கலக்கினால் வேலை முடிந்தது. சில நாட்களில் கஞ்சி கோழிச் சாற்றில் வெந்திருக்கும், உப்பும் ஏறியிருக்கும். முதலில் நீங்கள் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தட்டில் கொட்டி வைத்திருக்கும் மஞ்சள் முட்டைப் பொரியலை விட, கண்ணெதிரே உடைத்துப் போடும் முட்டை நல்லது. மஞ்சட்கரு ஓடும் முட்டை பிள்ளைக்கு வேண்டாம்.

அளவையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பஃபேயில் தாய்மார் செய்யும் பெரிய பிழை தட்டை நிரப்புவது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிலீற்றர் கோப்பையில் முக்காலிலிருந்து முழுக்கோப்பை வரை போதும். அப்படி நாளுக்கு மூன்று நாலு வேளை, இடையில் ஒன்றிரண்டு சின்னத் தீனி. பயணத்தில் முதல் நாள் பாதிதான் சாப்பிடும். பரவாயில்லை, அடுத்த நாள் காலையில் அந்தக் கணக்கைத் தானே நேர்செய்துகொள்ளும்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒன்பதரை மணிக்குப் போங்கள். பிள்ளைக்கு அது ஏழு மணி. கூட்டம் கலைந்திருந்தால் பிள்ளைக்கதிரையும் கிடைக்கும். பஃபேயில் பிள்ளைக்கதிரைகள் எண்ணிக்கையில் குறைவு. கிடைத்ததன் வாரைப் பூட்டிப் பாருங்கள், சில பூட்டாது. கப்பல் ஒருபக்கம் சாயும்போது வார் இல்லாத கதிரை ஆபத்து. தட்டுப் பகுதியைச் சவர்க்காரத் தண்ணீர்த் துணியால் துடைத்துத் தரச் சொன்னால் துடைத்துத் தருவார்கள்.

மத்தியானத்துக்கு வருவோம். மூன்று மணிக்குப் பஃபே மூடுகிறதென்றால் இரண்டு மணிக்கே போய்விட வேண்டும். பிள்ளைக்கு அது பதினொன்றரை மணி, கொஞ்சம் முந்தித்தான். முழுப்பசி இருக்காது. அதனால் சோறும் பருப்பும் அரைக்கோப்பை கொடுத்துவிட்டு, நாலரை மணிக்கு ஒரு தீனி வைத்துக்கொள்வதே வழி. நாலரைக்குத் திறந்திருக்கும் கடைகளில் பெரும்பாலும் பீட்சா, சான்ட்விச், கேக் வகைதான். இந்த ஒரு வேளைக்காகத்தான் ஊரிலிருந்து கொண்டுபோகும் சாமான் தேவைப்படுகிறது.

கப்பல் சோறு நம் வீட்டுச் சோறு மாதிரி இருக்காது. நீள அரிசி, உதிரியாக, சில வேளை விளக்கு வெப்பத்தில் காய்ந்து இருக்கும். குழைந்த சோற்றுக்குப் பழகிய பிள்ளை அதைத் துப்பும், அல்லது தொண்டையில் சிக்கி இருமும். கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, அது மூழ்கும் அளவு கொதிநீர் விட்டு, ஒரு தட்டால் மூடி ஐந்து நிமிடம் வைத்தால் மசிக்கக்கூடிய பதம் வரும். இந்தியச் சாப்பாட்டுப் பகுதியில் பருப்பு இருக்கும். ஆனால் அதில் உப்பு, பச்சைமிளகாய், சில வேளை கிறீமும் இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் உப்புக்கு மேல் கூடாது. பெரியவர்களுக்காகச் சமைத்த பருப்பும் சூப்பும் கூடிப்போனால் அந்த அளவு சீக்கிரம் கிட்டிவிடும். மசித்த உருளைக்கிழங்கு பார்வைக்குச் சாது, அதிலும் உப்பு உண்டு. அவித்த கரட், போஞ்சி, புரொக்கொலி எடுத்து நீங்களே முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். கரட் கடினமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கப்பல் சமையலில் கரட் பாதி வெந்த பதத்தில்தான் வரும். நுவரெலியாக் கரட்டைக் குழைய வேகவைத்துக் கொடுத்துப் பழக்கியவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான்.

தென்கிழக்காசியச் சாப்பாட்டில் நிலக்கடலை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாது. சாத்தே இறைச்சிக்கான சோஸ் முழுக்கக் கடலை. பிள்ளைக்கு ஒவ்வாமை தெரிந்திருந்தால் முன்பதிவிலேயே எழுதிக்கொடுங்கள், ஏறிய அன்றே உணவு மண்டபத் தலைமை வெயிட்டரிடம் மறுபடி வாயாலும் சொல்லுங்கள். ஒவ்வாமை இல்லாவிட்டாலும் முழுக்கடலை, முழுத் திராட்சை, வட்டமாக வெட்டிய சொசேஜ் மூன்றும் தொண்டையை அடைக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். கத்தி கொண்டுபோகத் தேவையில்லை, மேசையில் இருப்பது போதும்.

கையால் பிசைந்து ஊட்டும் வழக்கம் நமக்கு உண்டு. அதில் தவறேதும் இல்லை. ஆனால் பஃபேயில் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. வாசலில் கையைக் கழுவிக்கொண்டு போய், நூற்றுக்கணக்கானோர் தொட்ட பரிமாறும் கரண்டிகளைப் பிடித்துச் சாப்பாடு எடுத்துவிட்டு, அதே கையால் பிசைந்தால் கழுவியது வீண். சாப்பாடு எடுத்து மேசையில் வைத்த பிறகு, ஊட்டுவதற்கு முன்னால் ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கப்பல்களில் வாந்தி வயிற்றோட்டத்தைப் பரப்பும் நோரோ வைரசுக்கு வாசலில் தெளிக்கும் கைத்திரவம் பெரிதாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும்தான் வேலை செய்யும்.

இராச் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாம் முதல் நாள் பேச்சில்தான் இருக்கிறது. அதே மேசை, அதே வெயிட்டர் என்று ஒதுக்கும் கப்பல்களில் முதலிரவே மூன்று விஷயம் சொல்லுங்கள். பிள்ளைக்கதிரை தினமும் வேண்டும். நாங்கள் உட்கார்ந்தவுடனே பிள்ளையின் தட்டு வர வேண்டும், எங்கள் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். நாளைக்கு உப்பும் மிளகாயும் போடாத பருப்பு, வெறுஞ்சோறு, நன்றாக வெந்த மரக்கறி. மூன்றாவதை அன்றைக்கே கேட்டால் கிடைப்பது சிரமம், ஏனெனில் சமையலறையில் பருப்பு ஏற்கெனவே தாளித்து முடிந்திருக்கும். முந்தின இரவு சொன்னால் தாளிக்கும் முன் ஒரு கிண்ணம் எடுத்துவைப்பார்கள். மரக்கறியை அரைத்துத் தரச் சொன்னாலும் பல கப்பல்களில் தருவார்கள், ஆனால் இருபது நிமிடம் போகும். முழு விருந்து ஒன்றரை மணித்தியாலம் இழுக்கும், எந்தப் பிள்ளையும் அவ்வளவு நேரம் இருக்காது. பிள்ளை சாப்பிட்டதும் பெற்றோரில் ஒருவர் எழும்பிப் போவது என்று முதலிலேயே பேசிக்கொண்டு உட்காருங்கள். தாத்தா பாட்டி கூட வந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

பிள்ளைகள் மெனு என்று ஒன்று தருவார்கள். கோழி நகெட்ஸ், பொரித்த கிழங்கு, சீஸ் போட்ட மக்கரோனி. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடலாம். தினமும் என்றால் மலச்சிக்கலோடுதான் வீடு திரும்பும். காசு கொடுத்துச் சாப்பிடும் தனி உணவகங்கள் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இனி கபின். இங்கேதான் பலர் முன்யோசனை இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். மின்கேத்தல், சின்ன ரைஸ் குக்கர், போத்தல் சூடாக்கி, தண்ணீருக்குள் போடும் ஹீட்டர் கம்பி எல்லாம் பொதுவாகத் தடை. தீப்பிடிக்கும் பயம்தான் காரணம். ஏறும்போது சோதனையில் எடுத்துவைத்து இறங்கும்போதுதான் தருவார்கள். ஆசியாவில் ஓடும் சில கப்பல்களில் கபினிலேயே கேத்தல் இருக்கும், முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படுவது 500 மில்லிலீற்றர் நல்ல ஃபிளாஸ்க் ஒன்று. தேத்தண்ணி வார்க்கும் இடத்தில் கொதிநீர் கிடைக்கும். ஆனால் குழாயின் கீழே ஃபிளாஸ்க்கின் வாயை நேரே பிடிக்க விடமாட்டார்கள், கிருமி பரவும் என்று. கோப்பையில் பிடித்து ஃபிளாஸ்க்கில் ஊற்றுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை நிரப்பிவைத்தால் பத்து மணிப் பாலுக்கும் விடியற்பாலுக்கும் போதும்.

கபினில் சின்னக் குளிர்ப்பெட்டி இருக்கும். அதை நம்பிப் பால் வைக்காதீர்கள். பல கப்பல்களில் அது குளிரூட்டி மட்டும்தான், உண்மையான ஃபிரிஜ்ஜின் 5 பாகைக்கு இறங்காது. பாலைக் கரைத்து வைக்காமல் அந்தந்த நேரத்துக்குக் கரைப்பதே சரி. பிள்ளைக்கு மருந்து குளிரில் வைக்க வேண்டியிருந்தால் மருந்துக்கான ஃபிரிஜ் கேட்கலாம், முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மலையிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதித்துவிடும், வெளிக்குளிரில் சட்டென ஆறியும் விடும். கடல்மட்டத்தில் கொதிநிலை 100 பாகை, சுற்றுச்சூழல் 30 பாகைக்கு மேல். வீட்டில் பால் ஆறுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு கொடுத்தால் பிள்ளையின் வாய் வெந்துவிடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கப்பலில் விடாதீர்கள். இதன் மறுபக்கமும் உண்டு. எங்கள் குளிரில் மேசைமேல் கொஞ்ச நேரம் தாங்கும் சாப்பாடு, கப்பலின் மேல்தளத்து வெயிலில் தாங்காது. சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணித்தியாலம், 32 பாகைக்கு மேல் என்றால் ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு கொட்டிவிட வேண்டியதுதான். பிள்ளை அரைவாசி குடித்து வைத்த பால்போத்தலுக்கும் இரக்கம் காட்டக் கூடாது.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோவது? வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பக்கற்றுகள் பிள்ளைக்கென்றால் பொதுவாக விடுவார்கள். வீட்டில் அரைத்த குரக்கன் மாவை வெறும் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போனால், விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் அது பெயர் தெரியாத பொடி. விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சமபோஷ என்ற சத்துமா பக்கற் நல்லது, ஏனெனில் ஏற்கெனவே வேகவைத்த மா, சூடான தண்ணீரில் குழைத்தாலே போதும். மேலே சொன்ன நாலரை மணித் தீனிக்கு அதுதான் ஆள். பாதி வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்து உருண்டை பிடித்தால் சீனி தேவையில்லை. மாரி பிஸ்கட் ஒன்றிரண்டு பக்கற் வைத்துக்கொள்ளலாம்.

பால்மா கணக்கு எளிது. பிள்ளைக்கு நாளுக்கு 200 மில்லிலீற்றர் கோப்பையில் இரண்டு, கோப்பைக்கு 30 கிராம் மா என்று வைத்தால், போய்வர ஆறு நாளைக்கு 360 கிராம். ஒரு 400 கிராம் பக்கற் கச்சிதமாகப் போதும். அதற்கு மேல் பால் கொடுத்தால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. பஃபேயில் கிடைக்கும் பால் கொழுப்பு நீக்கியதாக இருந்தால், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொருந்தாது. இதெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கபின் வாசலுக்கு வந்துசேரப் பின்னேரமாகும், சில வேளை இரவாகும். அதுவரை பால்மா பெட்டிக்குள்ளும் பிள்ளை வெளியிலுமாக நிற்கக் கூடாது.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் வழியை மறந்துவிடக் கூடாது. கினிகத்தேன, கித்துல்கல வளைவுகளில் வயிறு நிறைந்த பிள்ளை வாந்தி எடுக்காமல் அவிசாவளை சேர்ந்தால் அதிர்ஷ்டம். புறப்பட ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் லேசாகக் கொடுத்து, வழியில் காய்ந்த பிஸ்கட்டும் தண்ணீரும் மட்டும். கடல் ஆட்டம் அவ்வளவு மோசம் இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கடற்குமட்டல் வருவது அரிது. அதற்கு மேற்பட்டவர்களுக்காகக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கபின் எடுப்பது நல்லது. குமட்டல் மருந்தை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பக்கற் நாலைந்து வைத்திருங்கள். ஒரு பக்கற் ஒரு லீற்றர் தண்ணீருக்கு, அதைப் பாதியாகப் பிரித்து அரைலீற்றரில் கரைப்பது கண்ணளவில் சரிவராது. கரைத்தது 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஆகாது. வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் மறைக்காமல் கப்பல் வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள். கபினுக்குள் இருக்கச் சொல்வார்கள், சாப்பாடு கதவுக்கு வரும்.

துறைமுகத்தில் இறங்கும் நாளில் பஃபேயிலிருந்து பழமோ சோறோ கட்டிக்கொண்டு வெளியே போக அனுமதி இல்லை. பிரிக்காத பிஸ்கட் போகும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையைப் பல கம்பனிகள் ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கடலில் நிற்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் கேட்பார்கள். பிள்ளைகள் கழகம் மூன்று வயதாகி, நெப்கினும் விட்டவர்களுக்குத்தான், ஆகவே அங்கே விட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். நாளாந்தச் சேவைக் கட்டணம் பிள்ளைக்கும் சேர்த்து அறவிடப்படுகிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். பல இடங்களில் அறவிடுவார்கள், பிள்ளை சாப்பிடுவது அரைக்கிண்ணக் கஞ்சிதான் என்றாலும்.

ஐந்துக்கு ஐந்து கொடுத்த காலைச் சாப்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கு, கடைசி நாள். அன்றைக்கு எட்டு மணிபோல் கபினை விடச் சொல்வார்கள், பஃபேயும் நேரத்தோடு மூடிவிடும். பிள்ளைக்கு அது விடியற்காலை ஐந்தரை. தூக்கக் கலக்கத்தில் வாயே திறக்காது. கட்டாயப்படுத்தாமல் பாலை மட்டும் கொடுத்துவிட்டு, முந்தின இரவே சமபோஷ பக்கற் ஒன்றைப் பிரிக்காமல் கைப்பையில் ஒதுக்கி, ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணி நிரப்பி, சின்னக் கிண்ணமும் கரண்டியும் மேலாக வையுங்கள். குடிவரவு வரிசை முடிந்து வெளியே வரும்போது பிள்ளை பசித்திருக்கும்.